கொல்லம் ஜெட்டியின் சட்டம்

அந்த நாற்காலி வேண்டாம் அம்மா, ஒரு கால் ஆடும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். முன்னால் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். மருமகனுடைய சைக்கிள் கடை. நிறுத்தச் சொன்னால் முறைப்பான். நீங்கள் இப்படி வலது பக்கமாக வந்து பேசுங்கள். எனக்கு இடது காது கிடையாது. கேட்காது என்று சொல்லவில்லை. காதே கிடையாது. துண்டை எடுக்கிறேன், பாருங்கள். பயப்பட வேண்டாம், எல்லாம் ஆறிப்போன சமாசாரம்.

வாசலில் நின்று கேட்டீர்களே, அது விளங்கிற்று. நீங்கள் உலகம்மாள் மகள். தென்காசி உலகம்மாள். உங்கள் தாயார் கைப்பிள்ளையான உங்களை ஒரு போட்டில் விட்டுவிட்டு இன்னொரு போட்டில் யாரோடோ போய்விட்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள். மாமா வீட்டில் வளர்ந்தீர்கள், அங்கேயும் அப்படித்தான் சொன்னார்கள். அது நிஜமா, அவள் உங்களை விட்டுவிட்டுத்தான் போனாளா. அவ்வளவுதானே? கொல்லத்தில் விசாரித்தபோது பாப்பச்சன் என் பெயரைச் சொன்னானாக்கும். இன்னும் உயிரோடா இருக்கிறான்? நல்ல ஸ்ராங்கு. ஸ்ராங்கு என்றால் போட்டின் சக்கரம் பிடிக்கிறவன். கை சுத்தம். மனசு மட்டும் கோழி மனசு.

சொல்கிறேன். என்னால்தான் சொல்ல முடியும், அதில் பாப்பச்சன் சரி. ஆனால் நடுவிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குப் புரியாது. போட் என்றால் என்ன, போட் வந்து நிற்கிற துறை, அந்த ஜெட்டி என்றால் என்ன என்று தெரிய வேண்டும். இப்போது எல்லாரும் பஸ்ஸில் வருகிறீர்கள், பஸ்ஸில் போகிறீர்கள். நீங்களும் பஸ்ஸில்தானே வந்தீர்கள்? பரவாயில்லை, உங்களைக் குற்றம் சொல்லவில்லை.

எங்கள் அப்பா காலத்தில் கொல்லத்திலிருந்து ஆலப்புழை போக வள்ளம்தான். வள்ளக்காரன் மூங்கில் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு போவான். சாப்பாடு கட்டிக்கொண்டு ஏற வேண்டும், போய்ச் சேரும்போது அது ஊசிப்போயிருக்கும். அப்புறம் ஸ்டீம் போட் வந்தது. கீழே கொதிகலன், மேலே தட்டு, தட்டில் பெஞ்சு, நடுவில் புகைக்குழல். விறகுதான் எரிப்பது. சங்கு ஊதினால் அஷ்டமுடிக் காயல் முழுக்கக் கேட்கும். கரையில் குளித்துக்கொண்டிருக்கிறவன் எழுந்து நின்று கும்பிடுவான். சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன். மாஜிஸ்திரேட்டும் மீன்காரியும் ஒரே போட்டில் வருவார்கள். மாஜிஸ்திரேட் மேலே, மீன்காரி கீழே, அது வேறு. ஆனால் போட் ஒன்றுதானே?

நான் சேர்ந்தது அவுசேப்பு முதலாளியிடம். அவருடைய பெரிய போட்டின் பெயர் 'ரோசம்மா'. அவர் பெண்டாட்டி பெயர். பெண்டாட்டியைக் கூட அடித்திருக்கிறார், அந்தப் போட்டின் மேல் ஒரு கீறல் விழ விடமாட்டார்.

ஜெர்மனிச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடையாது. பஸ்கள் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. ஏற்றம் வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். பாலத்தின் மேலே அவர்கள் தள்ளிக்கொண்டிருப்பார்கள், அடியில் நாங்கள் போவோம். போட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் கையைத் தட்டிச் சிரிப்பார்கள். நான் இளநீர்க் கூடுகளை எடுத்து மேலே வீசுவேன். ஒரு தரம் ஒரு டிரைவருக்கு நெற்றி உடைந்தது. குறி அப்படி.

என் வேலை ஆள் பிடிக்கிறது. நான் செங்கோட்டைக்காரன், இதே ஊர்தான். பெயர் மாசானம், ஆனால் அங்கே தமிழன் என்றால் பாண்டி, எல்லாருக்கும் நான் பாண்டி. செங்கோட்டை, தென்காசி பக்கமிருந்து ரயில் கொல்லத்துக்கு வரும். அதில் வருகிற தமிழ் ஜனங்களுக்கு மலையாளம் புரியாது. ஸ்டேஷனில் இறங்கித் திருதிருவென்று முழிப்பார்கள். நான் போய் நின்று, "வாங்க அண்ணாச்சி, வா தாயி, ஆலப்புழைதானே? நம்ம போட் நிக்கி" என்று சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சொந்தக்காரனைக் கண்ட மாதிரி. அதற்காகத்தான் முதலாளி என்னை வைத்திருந்தார்.

ஒரு கம்பெனியோடு இருந்திருந்தால் இன்றைக்கும் போட் ஓடும். கேசவபிள்ளை என்று ஒருத்தன் வந்தான். 'பத்மவிலாசம்' என்று ஒரு போட்டை இறக்கினான். எங்கள் போட் புறப்படுகிற அதே நேரத்துக்கு அதே ஜெட்டியிலிருந்து. முதலாளி கட்டணத்தைக் குறைத்தார். அவன் இன்னும் குறைத்தான். முதலாளி சும்மா ஏற்றிக்கொண்டு போனார். அவன் சும்மா ஏற்றி, டீயும் பழமும் கொடுத்தான். முதலாளி டீ, பழம், தலைக்கு ஒரு துண்டு கொடுத்தார். இதற்கு மேல் கொடுக்க என்ன இருக்கிறது? அப்புறம் அடிதான்.

அவர்கள் பக்கம் ஆள் பிடிக்கிறவன் வறீது. ஆறடி. கழுத்தே கிடையாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். முதல் நாளே என்னைப் பார்த்து, "எடா பாண்டி, உன் ஊர்ல போய்ப் பனை ஏறு" என்றான். கையில் இருந்த துடுப்பால் முகத்தில் வைத்தேன். முன்பல் ரெண்டு தண்ணீரில் விழுந்தது. அதற்கு அடுத்த வாரம்தான் இந்தக் காது. ஜெட்டிப் பலகையில் கட்டிப் புரண்டோம். கடித்து, பிய்த்து, எல்லாரும் பார்க்கத் துப்பினான். ஒரு காக்கை வந்தது. அதையும் எல்லாரும் பார்த்தார்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எத்தனை அடித்துக்கொண்டாலும் ஜெட்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. பெட்டிச் சட்டம். ஒரு பிரயாணியுடைய பெட்டியை எவன் முதலில் தன் போட்டில் ஏற்றுகிறானோ, அந்த ஆள் அவனுக்கு. அப்புறம் மற்றவன் தொடக் கூடாது. வறீதும் தொடமாட்டான், நானும் தொடமாட்டேன். ஆள் ரோட்டில் நின்று, "ஐயோ, நான் அந்தப் போட்டுக்குல்லா போணும்" என்று கத்தினாலும் சரி. பெட்டி இங்கே ஏறிவிட்டால் கத்திவிட்டு அவனே வந்துவிடுவான். எழுதி வைக்கவில்லை, போலீஸ்காரனுக்குக் கூடத் தெரியும்.

பிறகு ஜனங்கள் உஷாராகிவிட்டார்கள். பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். அப்போது நான் ஒன்று கண்டுபிடித்தேன். பெட்டியைக் கட்டிப் பிடிக்கிறவனுக்குக் கை இரண்டுதானே. பிள்ளை சும்மா நடந்து வரும், இல்லாவிட்டால் அக்காளின் இடுப்பில் இருக்கும். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தாய், தகப்பன், மாமன், பெட்டி, கூஜா எல்லாம் பின்னாலேயே வந்துவிட்டது! முதலாளி என் முதுகில் தட்டி, "எடா, பெட்டி கரையிலே கிடந்தாலும் கிடக்கும், பிள்ளை கிடக்குமா?" என்றார். ஒரு குடும்பம் முழுசாக ஏறிவிடும். ஒரு மாதத்தில் வறீதும் அதையே செய்ய ஆரம்பித்துவிட்டான். நான் கண்டுபிடித்தது. அவனுக்குச் சொந்தமாக ஒன்றும் வராது.

பிள்ளைகள் அழும். அழுதால் என்ன? பழம் கொடுப்போமே.

சண்டை முடிந்து வந்த மழைக்காலம்தான் கடுமையான காலம். பட்டாளத்துக்காரர்கள் எல்லாம் திரும்பி வந்து, பெட்ரோலும் வந்து, ரோட்டில் தார் போட்டு, பஸ் கிளம்பிவிட்டது. ஆள் குறைய ஆரம்பித்துவிட்டது. இருக்கிற ஆளுக்கு ரெண்டு போட். ஒரு நாள் வறீதின் ஆட்கள் எங்கள் போட்டில் ஏறி, ஏறின ஜனங்களை இழுக்கப் பார்த்தார்கள். கொதிகலனில் அழுக்குத் தண்ணீரை வெளியே விடுகிற திருகு ஒன்று பக்கவாட்டில் இருக்கும். நான் அதைத் திறந்துவிட்டேன். ஆவியும் வெந்நீரும் சீறிக்கொண்டு போயிற்று. முன்னால் வந்தவனுக்கு நெஞ்சுத் தோல் சட்டையோடு சேர்ந்து வந்துவிட்டது. சத்தம் போட்டான் பாருங்கள், இப்போதும் கேட்கிறது. போட்டில் இருந்த ஜனங்கள் பயந்து பாதிப் பேர் இறங்கி ஓடினார்கள். எதற்கு ஓட வேண்டும்? அவர்களுக்காகத்தானே திறந்தேன்?

உங்கள் தாயார் வந்தது அதற்கு நாலைந்து நாள் கழித்து.

காலை ரயில். மழை கொட்டுகிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து இறங்கினாள். பச்சைச் சேலை. நல்ல உயரம். நெற்றி உங்களுக்கு அப்படியே இருக்கிறது. ஒரு தகரப் பெட்டி, இடுப்பில் நீங்கள். வேறு ஆள் கிடையாது. கேளுங்கள், இது முக்கியம்: கூட வேறு ஆள் கிடையாது. நான் பார்த்தேன். நான் போய், "எங்க தாயி, ஆலப்புழையா?" என்றேன். அவள் முகத்தில் உயிர் வந்தது. "ஆமா அண்ணாச்சி. அவுக அங்கதான் கடை வச்சிருக்காவ. பிள்ளையை இன்னும் பார்க்கல. கூட வர இருந்த எங்க அண்ணனுக்குக் காய்ச்சல், வரல. எனக்கு இந்த ஊர்ப் பேச்சு ஒண்ணும் விளங்கல" என்றாள். "நான் இருக்கேன்லா, வா" என்றேன். பெட்டியை எடுக்கப் போனேன். கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். "இதுல அவுகளுக்கு ஒரு சாமான் இருக்கு, அண்ணாச்சி. நானே தூக்கிக்கிடுதேன்." சரி, பிள்ளையைக் கொடு, மழையில் நனையுதே என்றேன். கொடுத்தாள். தானாகவே கொடுத்தாள் அம்மா, நான் பிடுங்கவில்லை. மற்ற பிள்ளைகளைப் பிடுங்கியிருக்கிறேன், உங்களைப் பிடுங்கவில்லை.

நீங்கள் அழவே இல்லை. என் காது இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள்.

ஜெட்டிக்கு வந்தோம். ரெண்டு போட்டும் பக்கம் பக்கமாக, சங்கு ஊதிக்கொண்டு நிற்கிறது. புகை, மழை, ஜனம். நான் உங்களோடு 'ரோசம்மா'வில் ஏறிவிட்டேன். திரும்பிப் பார்க்கிறேன், வறீது உங்கள் தாயாருடைய பெட்டியைப் பிடுங்கி 'பத்மவிலாச'த்தில் எறிந்துவிட்டான்!

இப்போது நீங்களே சொல்லுங்கள். நான் இத்தனை வருஷமாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெட்டி அவனிடம். பிள்ளை என்னிடம். ஆள் யாருக்கு? சட்டம் பெட்டிச் சட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிள்ளை முதலில் ஏறிவிட்டது. பிள்ளையைவிடப் பெட்டி பெரிதா? அப்படி ஒரு வழக்கு அதற்கு முன்னால் வந்ததே கிடையாது. வந்திருந்தால் பேசி முடித்திருப்போம். நான் மேலே நின்று, "வறீதே, பிள்ளை என்கிட்ட, ஆள் எனக்குடா!" என்று கத்தினேன். அவன், "பெட்டி என் கிட்டடா பாண்டி, ஆளும் எனக்கு" என்று சிரித்தான். பல் இல்லாத சிரிப்பு. ஜெட்டி முழுக்கப் பார்க்கிறது. விட்டுக் கொடுக்க முடியுமா?

உங்கள் தாயார் நடுவில் பலகையில் நிற்கிறாள். அங்கே பார்க்கிறாள், இங்கே பார்க்கிறாள். எங்கள் பக்கம்தான் வந்தாள். அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம்தான் ரெண்டு அடி வைத்தாள். வறீது அவள் முடியைப் பிடித்து இழுத்து, "பிள்ளை இங்கே உள்ளே இருக்கு, வா" என்று தள்ளினான். அவளுக்குப் பேச்சு விளங்காது, பிள்ளை என்று அவன் சொன்ன ஒரு வார்த்தை விளங்கியிருக்கும். மழைக்குப் படுதா இறக்கியிருந்தார்கள், உள்ளே இருட்டு. அவள் உள்ளே ஓடித் தேடுகிறாள். பலகையை எடுத்துவிட்டான். போட் நகர்ந்துவிட்டது.

நாங்களும் எடுத்தோம். பின்னே? எங்கள் பிரயாணி அவன் போட்டில். விட்டுவிட முடியுமா? "விறகு போடுங்கலே!" என்று கீழே கத்தினேன். சக்கரம் பிடித்திருந்த பாப்பச்சனை, "பக்கத்துல விடு, ஒட்டி விடு" என்றேன். காயலில் ரெண்டு போட்டும் தோளோடு தோள் போகிறது. இடிக்கும், விலகும், மறுபடி இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் படுதாவுக்குள் ஜனங்கள் பெஞ்சிலிருந்து விழுகிற சத்தம். வறீது ஒரு கொக்கிக் கழியை வைத்து என்னைக் குத்துகிறான். நான் ஒரு கையில் உங்களை வைத்துக்கொண்டு மறு கையால் விறகுக் கட்டையை வீசுகிறேன். ஒன்று அவன் கண்ணில் பட்டது. அப்புறம் அந்தக் கண் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். காதுக்குக் கண். அது நேராகிவிட்டது.

அப்போதுதான் படுதாவை விலக்கிக்கொண்டு உங்கள் தாயார் ஓரத்துக்கு வந்தாள். என் கையில் உங்களைப் பார்த்தாள்.

என்ன? நான் என்ன செய்தேன் என்றா? பிள்ளையைக் காட்டினேன். உன் பிள்ளை இங்கே பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதே என்று காட்டினேன். எப்படிக் காட்டினேன் என்றால்... கையை நீட்டித்தான். வேறு எப்படிக் காட்டுவது? நடுவில் படுதா மறைக்கிறது, மழை. நன்றாகத் தெரிகிற மாதிரி வெளியே நீட்டினேன். வறீதும் பார்க்கட்டும் என்றுதான். "இந்தா பாருடா, பிள்ளை யார் கையில இருக்கு? இப்ப உன் பெட்டியை வச்சு என்ன செய்வ?" என்று கேட்டேன். ஆமாம், ஒரு கைதான். மறு கையில்தான் கட்டை இருந்ததே. அரைஞாணைப் பிடித்திருந்தேன். வெள்ளி அரைஞாண், உள்ளே கறுப்புக் கயிறு முறுக்கிக் கட்டியிருந்தது. உறுதியான கயிறு. அது அறாது. எனக்குத் தெரியும், அறாது. நீங்கள் அப்போதுதான் அழ ஆரம்பித்தீர்கள்.

அவள் அழிக்கம்பி மேல் ஏறினாள். அங்கே ஒருத்தன் சேலையைப் பிடித்தான், உதறிவிட்டாள். கையை நீட்டினாள். நல்ல நீளமான கை. இன்னும் ஒரு முழம் இருந்தால் எட்டியிருக்கும். போட் ரெண்டும் விலகுகிற நேரம் அது. பாய்ந்துவிட்டாள்.

எட்டவில்லை.

அப்புறம் போட் மறுபடி ஒட்டிற்று. விலகினது என்றால் ஒட்டத்தானே செய்யும்.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜின் சத்தம் இருந்ததே. பாப்பச்சன் மணியடித்து நிறுத்தப் பார்த்தான். நான் உங்களை உள்ளே பெஞ்சில் வைத்துவிட்டுப் போய் அவன் கழுத்தைப் பிடித்தேன். "நிறுத்தினே, உன்னையும் அங்கேயே போட்டுருவேன்" என்றேன். நிறுத்தினால் 'பத்மவிலாசம்' முன்னால் போய்விடும். அடுத்த ஜெட்டியில் நிற்கிற ஜனம் எல்லாம் அவனுக்கு. அந்த நேரத்தில் யார்தான் நிறுத்துவார்கள்? அவனும் நிறுத்தவில்லையே. எங்கள் ஜனம் என்னவென்று கேட்டது. "அந்தப் போட்டில் தூக்கியாச்சு, பயப்படாதிய" என்றேன். அவர்கள் ஜனத்திடம் வறீது, இந்தப் போட்டில் தூக்கியாச்சு என்றானாம். ரெண்டு பக்கமும் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார்கள். படுதா இறக்கியிருந்தது நல்லதாகப் போயிற்று.

முதலில் அடுத்த ஜெட்டியைப் பிடித்தது நாங்கள்தான்.

காயல் பெரிது அம்மா. நீண்டகரையில் கடலுக்கு வாய் திறக்கிறது. தேடினார்கள், தேடவில்லை என்று சொல்லவில்லை. பச்சைச் சேலை மட்டும் ஒரு மீன் வலையில் வந்தது என்று ஒருத்தன் சொன்னான்.

அதற்கு அப்புறம்தான் வேடிக்கை. பரம எதிரிகள் இல்லையா, அவுசேப்பு முதலாளியும் கேசவபிள்ளையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். என் கண்ணால் பார்த்தேன். செத்தாள் என்று வந்தால் ரெண்டு போட்டுக்கும் லைசென்ஸ் போய்விடும். அவள் சாகவில்லை, நடுவில் ஒரு ஜெட்டியில் இறங்கி ஒரு ஆளோடு போய்விட்டாள் என்று அவர்கள் பக்கத்தில் சொல்லிவிட்டார்கள். அது கேசவபிள்ளை யோசனை. எனக்கு அதில் சம்பந்தம் இல்லை. பிள்ளை எப்படி உங்கள் போட்டில் வந்தது என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். தாயே பிள்ளையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டாள் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு வரி. உங்கள் மாமா காய்ச்சலோடு வந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று உங்களை வாங்கிக்கொண்டு போனார். அவரிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் என்னைக் கும்பிட்டார். ஆலப்புழையிலிருந்து உங்கள் அப்பா வரவில்லை.

எனக்கு என்ன கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? இதைக் கேளுங்கள். இதைத்தான் யாரும் கேட்பதில்லை. அந்த வருஷமே ஜனம் பாதியாகிவிட்டது. பழைய ஆள் ஒரு வக்கீல், வாரம் தவறாமல் எங்கள் போட்டில் வருகிறவர், பஸ் ஸ்டாண்டில் நிற்கிறதைப் பார்த்தேன். "என்ன சாமி, நம்மளை மறந்துட்டியளே" என்றேன். "பஸ்ஸில் மூச்சு முட்டுகிறது மாசானம். ஆனால் இறங்கும்போது குடும்பம் முழுசாக இறங்குகிறது" என்றார். நான் சிரித்தேன். தமாஷான மனுஷன். வக்கீல்களே அப்படித்தான்.

காயல் காற்று, மேல்தட்டு, பெஞ்சு, இதையெல்லாம் விட்டுவிட்டு அந்தத் தகர டப்பாவுக்குள் ஏன் போகிறார்கள் என்று எனக்கு இன்று வரைக்கும் புரியவில்லை. விசுவாசம் கிடையாது ஜனங்களுக்கு. நான் விடவில்லை. ரோட்டில் போய் நின்று ஒரு பஸ்ஸை மறித்தேன். டிரைவரை ஜன்னல் வழியாக வெளியே இழுத்தேன், கதவில் அவன் விரலை வைத்துச் சாத்தினேன். ஜனங்களை, "இறங்குங்க, போட் நிக்கி, வாங்க" என்று கூப்பிட்டேன். ஒருத்தர் வரவில்லை. ஒரு பொம்பிளை பிள்ளையைச் சேலைக்குள் மூடிக்கொண்டாள். நான் என்ன பூதமா?

அது யார் பஸ் தெரியுமா? அவுசேப்பு முதலாளி மகன் வாங்கின பஸ்! எனக்குச் சொல்லவே இல்லை. போட்டை ஓட்டிக்கொண்டே ஒரு பக்கம் பஸ் வாங்கியிருக்கிறான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பாண்டி, இனி நீ ஊருக்குப் போ" என்றார். காதைக் கொடுத்திருக்கிறேன் முதலாளி என்றேன். துண்டை அவிழ்த்துக் காட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 'ரோசம்மா'வை உடைத்து இரும்புக்குப் போட்டார்கள். கொதிகலனைக் கூரை ஓடு செய்கிற ஒரு கம்பெனிக்காரன் வாங்கிக்கொண்டு போனான். கேசவபிள்ளை போட்டும் அதே கதிதான். வறீது ஒரு சர்ச் வாசலில் மெழுகுவர்த்தி விற்றானாம், ஒற்றைக் கண்ணோடு. அவனும் நானும் சேர்ந்து கட்டிக் காத்த தொழில் அம்மா. நாங்கள் இல்லாவிட்டால் அது இன்னும் முன்னாலேயே படுத்திருக்கும்.

தண்ணீர் வேண்டுமா? வியர்த்திருக்கிறதே.

நான் ஒன்று சொல்கிறேன் மகளே, மகளே என்று கூப்பிடலாமல்லவா? அந்தக் காலையில் நான் உங்களை வாங்காமல் இருந்திருந்தால் நீங்கள் அவள் இடுப்பில் இருந்திருப்பீர்கள். அவள் பாய்ந்தபோது நீங்களும் போயிருப்பீர்கள். யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறீர்கள், கழுத்தில் தாலி, நல்ல சேலை. அது என் கையால். ஒருத்தர் இதைச் சொன்னது கிடையாது. உங்கள் மாமாவாவது கும்பிட்டார். நீங்களும் இவ்வளவு தூரம் வந்ததால் சொல்கிறேன். மருமகன் காதில் விழுகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். இவர்தான் என்னைக் காப்பாற்றினவர் என்று. என்னைத் தண்டச்சோறு என்கிறான் அவன்.

என்ன? சத்தமாகக் கேளுங்கள். டேய், தட்டுகிறதைக் கொஞ்சம் நிறுத்துடா!

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்றா?

சொன்னாளே. இன்ஜின் சத்தத்திலும் கேட்டது. கம்பி மேல் ஏறி நின்றபோது சொன்னாள். வறீதைப் பார்த்து இல்லை, ஸ்ராங்கைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்துத்தான். நீங்கள் தண்ணீருக்கு மேலே என் கையில் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள், அவள் உங்களைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். என்னை வையவில்லை. "அண்ணாச்சி, பிள்ளையை விட்டுராதிய! கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, நான் வந்துட்டேன், விட்டுராதிய!" அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பாய்கிற வரைக்கும் அதையே.

நான் விடவில்லை. இப்படி, இந்த விரல்களால், கயிற்றைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். தாய் வாயால் என்னிடம் சொன்னாள், நான் பிடித்துக்கொண்டேன். தாயே ஒப்படைத்தாள் என்று ஸ்டேஷனில் சொன்னேனே, அதில் எது பொய்?

எழுந்துவிட்டீர்களே. சொல்லிவிட்டுப் போங்கள் அம்மா, எது பொய்?